குறுஞ்சான்றிதழின் நெடுங்கதை

படிப்பு என்றால் பல ஆண்டுகள், சான்றிதழ் என்றால் பட்டம் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பள்ளியில் 12 ஆண்டு, கல்லூரியில் 3 அல்லது 4 ஆண்டு. அதை முடித்தவர் படித்தவர். நடுவில் விட்டவர் படிக்காதவர். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். 35 வயதில் குடும்பத்தைத் தாங்கி நிற்கும் ஒரு ஃபிட்டர், தம் பட்டறைக்குப் புதிதாக வந்த இயந்திரத்தைப் பற்றிக் கற்க மீண்டும் 3 ஆண்டு கல்லூரிக்குப் போக முடியுமா? போனால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

இக்கேள்விக்கு இன்று உலகெங்கும் ஒரு விடை பேசப்படுகிறது. ஒரே ஒரு திறனை எடுத்துக்கொள்வது, அதைச் சில மணி நேரத்திலோ சில வாரங்களிலோ கற்பிப்பது, முடிவில் சோதிப்பது, தேறியவருக்குச் சான்றிதழ் தருவது. இதற்கு 'மைக்ரோ கிரெடென்ஷியல்' என்று பெயர். நாம் குறுஞ்சான்றிதழ் என்று சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மன்றம் 2022 ஜூன் மாதத்தில் இதற்கென ஒரு பரிந்துரையையே வெளியிட்டது.

பெயர்தான் புதிது. இந்தச் சரக்கு நமக்குப் பழையது. சென்னையின் தென் புறநகரில், கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் இடையே மட்டும் இதன் மூன்று வகைகளை நாம் காணலாம். எந்தச் சான்றிதழ் மனிதருக்குச் சோறு போட்டது, எது சுவரில் தொங்கும் படமாகவே நின்றுவிட்டது என்பதற்கான காரணத்தையும் இந்த வரலாறே நமக்குச் சொல்கிறது.

தாம்பரத்தில் நாளுக்கு ஒரு மணி

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அதன் பின் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய ஊர்கள் நகரத்து அலுவலகங்களுக்கு நாள்தோறும் போய்வரும் மக்களின் ஊர்களாக வளர்ந்தன. அலுவலகம் என்றால் கடிதம். கடிதம் என்றால் தட்டெழுத்து. எனவே இரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களிலும் கடைவீதி மாடிகளிலும் தட்டெழுத்துப் பயிலகங்கள் தோன்றின.

அவற்றின் ஓசையைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். விடியற்காலையிலேயே கதவு திறந்துவிடும். மணிக்கு ஒரு குழு. நீண்ட மேசைகளில் ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபேசிட் பொறிகள் வரிசையாக இருக்கும். இவற்றுள் ஃபேசிட், இதே தென் புறநகரில் உள்ள பெருங்குடியில் உற்பத்தியானது. புதிய மாணவர் முதலில் இடக்கை விரல்களால் ஏ, எஸ், டி, எஃப் என்னும் நான்கு விசைகளை மட்டும் பார்க்காமல் தட்டிப் பழகுவார். வேலைக்குப் போகிறவர் வேலைக்கு முன்னே ஒரு மணி, கல்லூரி மாணவர் மாலையில் ஒரு மணி, பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பெண் நண்பகலில் ஒரு மணி என்று அவரவர் வசதிக்கு வந்து போவார்கள்.

இதற்குரிய தேர்வை நடத்துவது பயிலகம் அன்று. தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. 'லோயர்' எனப்படும் இளநிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள். 'ஹையர்' எனப்படும் முதுநிலைக்கு 45 சொற்கள். சொற்கள் நீளத்தில் வேறுபடுமே, எப்படி எண்ணுவது? 5 தட்டல் ஒரு சொல் என்பது கணக்கு. ஆகவே இளநிலை மாணவர் 10 நிமிடத்தில் 1,500 தட்டல்களும், முதுநிலை மாணவர் 2,250 தட்டல்களும் முடிக்க வேண்டும். பிழைக்கு மதிப்பெண் குறையும். கடிதத்தையும் பட்டியலையும் ஒழுங்காக அமைக்கத் தெரிகிறதா என்பதற்குத் தனித் தாள் உண்டு.

தேர்வு நாளில் பயிலகங்களின் பொறிகள் வண்டிகளில் ஏறிப் பாலிடெக்னிக் போன்ற தேர்வு மையங்களுக்குப் போய்ச் சேரும். பொறி பழகியதாக இருக்கலாம். கண்காணிப்பவரும் விடைத்தாள் திருத்துபவரும் அயலார். இதுதான் இம்முறையின் உயிர்நாடி. 'என் மாணவி நன்றாகத் தட்டுவாள்' என்று பயிலக ஆசிரியர் எழுதித் தந்தால் அது நற்சாட்சி. அதை நம்புவதும் நம்பாததும் படிப்பவர் விருப்பம். ஆனால் அரசுத் தேர்வின் சான்றிதழைப் பார்க்கும் அலுவலர், அந்தப் பெண்ணையோ அவள் ஆசிரியரையோ அறிந்திருக்க வேண்டியதில்லை. 45 என்ற எண்ணின் பொருளை அறிந்திருந்தால் போதும்.

கற்பிப்பவரும் சோதிப்பவரும் வேறாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நாம் கண்டுபிடித்ததன்று. இலண்டன் நகரின் தொழிற்சங்கங்கள் 1878-இல் அமைத்த 'சிட்டி அண்டு கில்ட்ஸ்' நிறுவனம், எங்கே கற்றிருந்தாலும் தன் தேர்வை எழுதலாம் என்ற வழியில் தொழிலாளருக்குச் சான்றிதழ் அளித்துப் புகழ்பெற்றது. நம் தட்டெழுத்துத் தேர்வும் அதே வழியைச் சேர்ந்தது.

இதன் இன்னொரு சிறப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடிவது. ஆங்கில இளநிலை, ஆங்கில முதுநிலை, தமிழ் இளநிலை, தமிழ் முதுநிலை எனத் தனித்தனியே தேறலாம். அதன்மேல் சுருக்கெழுத்து: அதில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 80 சொற்கள், முதுநிலைக்கு 120. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில் தட்டச்சர் பணிக்கு, பள்ளி இறுதித் தேர்ச்சியுடன் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை, அல்லது ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. பின்னர் கணினி வந்தபோது 'சி.ஓ.ஏ.' என்ற அலுவலகக் கணினிச் சான்றிதழ் அந்த அடுக்கின்மேல் இன்னோர் அடுக்காகச் சேர்ந்தது. கல்லூரியின் வாயிலை மிதிக்காத எத்தனையோ குடும்பங்களின் முதல் மாதச் சம்பளம் இந்த அடுக்கின் வழியே வந்தது.

ஒரு மணியின் விஞ்ஞானம்

நாளுக்கு ஒரு மணி என்ற பழக்கம் இடநெருக்கடியாலும் பொறிப் பற்றாக்குறையாலும் வந்திருக்கக்கூடும். ஆனால் விஞ்ஞானம் அதற்குச் சாதகமாகவே தீர்ப்பளித்திருக்கிறது.

1970-களில் பிரிட்டிஷ் அஞ்சல் துறை, கடிதங்களைப் பிரிக்கும் பொறிகளுக்காகத் தன் ஊழியர்களுக்குத் தட்டெழுத்து கற்பிக்க வேண்டியிருந்தது. உளவியல் அறிஞர் ஆலன் பேட்லியும் லாங்மன் என்பவரும் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்துச் சோதித்து, 1978-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணிப் பயிற்சி. மற்றொரு குழுவுக்கு இரண்டிரண்டு மணியாக நாளுக்கு 4 மணி. மற்ற இரு குழுக்களும் இவற்றுக்கு இடைப்பட்டவை. விசைப்பலகையைக் கற்று முடிக்க, நாளுக்கு ஒரு மணிக் குழுவுக்கு மொத்தம் சுமார் 35 மணி போதுமாக இருந்தது. நாளுக்கு 4 மணிக் குழுவுக்குச் சுமார் 50 மணி தேவைப்பட்டது. இடைவெளி விட்டுக் கற்பது மனத்தில் நன்றாகப் பதிகிறது என்பதே இதன் பொருள்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. குறைந்த மணி நேரத்தில் கற்ற அந்த ஒரு மணிக் குழுவினர்தாம் பயிற்சி முறையில் மிகக் குறைந்த மனநிறைவு கொண்டிருந்தார்கள். வாரங்கள் நீண்டுகொண்டே போவதால், தாம் பின்தங்கிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியது! வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 'நாளுக்கு ஒரு மணியில் என்ன வந்துவிடும்?' என்ற சலிப்பு, கற்றலின் அளவைக் காட்டுவதில்லை.

கிண்டியில் ஆறு வாரம்

தாம்பரத்திலிருந்து இரயிலேறி வடக்கே வந்தால் கிண்டி. இங்கே 1958-இல் தொழிற்பேட்டை உருவாயிற்று. சிறு தொழிற்சாலைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. பின்னாளில் அதற்குத் திரு.வி.க. தொழிற்பேட்டை என்று பெயர் அமைந்தது.

அதே கிண்டியில் மத்திய அரசு 1968-இல் உயர்நிலைப் பயிற்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இம்முயற்சிக்குத் துணை நின்றன. இங்கு மாணவராக வந்தவர்கள் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள். அவர்களை அனுப்பியவை தொழிற்சாலைகள். பாடங்கள் பெரிய படிப்பின் துண்டுகளாக, ஒரு வாரம் முதல் 6 வாரம் வரை அமைந்தன. நீர்ம அழுத்தமும் காற்றழுத்தமும், அளவியல், வெப்பப் பதனம், பற்றவைப்பு, தொழிற்கூட மின்னணுவியல் எனத் துறைகள் பல. இந்தச் சென்னை அனுபவத்தைத் தொடர்ந்து, 1977 அக்டோபரில் நாட்டின் வேறு பல ஊர்களுக்கும் உயர்நிலைத் தொழிற்பயிற்சித் திட்டம் விரிந்தது. அந்த நிறுவனம் இன்று தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கி வருகிறது.

இத்தகைய துண்டுப் பாடத்தின் பயனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பட்டையும் பல்சக்கரமும் கொண்ட இயந்திரங்களோடு 15 ஆண்டு உழைத்த ஒருவரிடம், காற்றழுத்தத்தால் இயங்கும் இயந்திரம் ஒன்று வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தப்பட்ட காற்று வால்வின் வழியே உருளைக்குள் சென்று பிஸ்டனைத் தள்ளுகிறது. இயந்திரம் நின்றுவிட்டால் பழுது எங்கே? காற்று வருகிறதா, வால்வு திறக்கிறதா, உருளையின் அடைப்பு வளையம் தேய்ந்து காற்று கசிகிறதா? இந்த மூன்றையும் வரைபடத்தின் துணையோடு வரிசையாகச் சோதிக்கத் தெரிந்தால் அவர் பிரச்சினை தீர்ந்தது. இதற்குப் பட்டயப் படிப்பு தேவையில்லை. இரண்டு வாரம் போதும். ஏனெனில் இரும்பையும் எண்ணெயையும் அளவையும் அவர் கை முன்பே அறியும்.

வேலை செய்வோருக்குக் குறுகிய காலப் பாடம் என்பதை உலகம் பெரிய அளவில் கண்டது இரண்டாம் உலகப் போரின்போது. அமெரிக்காவில் 1940 முதல் 1945 வரை நடந்த 'தொழிலகத்துக்குள் பயிற்சி' என்னும் திட்டத்தில், பத்துப் பத்து மணி நேரப் பாடங்களில் 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றனர். 1970-களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஒரு தொழிலைத் தனித்தனித் திறன்களாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையை வகுத்தது.

கிண்டிப் பாடங்களுக்குப் பெரிய பலம் ஒன்று இருந்தது. திரும்பிப்போன தொழிலாளரை அவருடைய இயந்திரமே சோதித்துவிடும். ஓடினால் கற்றது மெய், ஓடாவிட்டால் பொய். ஆனால் ஒரு பலவீனமும் இருந்தது. அத்தகைய பல துண்டுகளைப் பெற்றவருக்கும் அவை ஒன்றாகக் கூடிப் பட்டயமாக மாறும் வழி அப்போது வகுக்கப்படவில்லை. அவரை அனுப்பிய முதலாளி அவற்றின் மதிப்பை அறிவார். அடுத்த தெரு முதலாளி அறியார்.

ஆலை ஓடிக்கொண்டிருக்கும் வரை இக்குறை தெரியாது. வண்டலூருக்கு அருகே பல்லாண்டுகள் கார்களை உற்பத்தி செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1988-இல் கார் உற்பத்தி நின்றது. எந்த ஆலையின் கதவு மூடினாலும், உள்ளே வளர்ந்த திறமை வெளியே வந்து தன்னைத்தானே மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. 'இவர் எந்தப் பழுதையும் கண்டுபிடித்துவிடுவார்' என்பது உடன் உழைத்த 50 பேருக்குத் தெரிந்த உண்மை. 51-ஆவது மனிதருக்கு அதை எடுத்துச் சொல்வது எது? குறுஞ்சான்றிதழ் என்ற பேச்சின் மையமே இந்தக் கேள்விதான்.

தெரிந்த வேலைக்கு ஒரு தேர்வு

இக்கேள்விக்கு நம் மாநிலத்தில் ஏற்கெனவே ஒரு நல்ல விடை உண்டு. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்பது அதன் பெயர். மின் உரிமம் வழங்கும் வாரியம் செயல்படும் இடமும் கிண்டித் தொழிற்பேட்டைதான்.

இத்தேர்வுக்கு வருபவர் மின் ஒயரிங் வேலையில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் பெற்றிருக்க வேண்டும்; 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வயது வரம்பு இல்லை. இதில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'எங்கே படித்தாய்?' என்று இத்தேர்வு முதலில் கேட்பதில்லை. 'என்ன செய்யத் தெரியும்?' என்று கேட்கிறது. பள்ளியைச் சிறுவயதில் விட்டு, மாமாவோடு கட்டடங்களுக்குப் போய்க் குழாய் பதித்துக் கம்பி இழுத்துப் பழகியவர் 40 வயதிலும் வந்து தம் கைத்திறனைக் காட்டலாம். முன்பே கற்றதை ஏற்றல் என்று இன்று கல்வியாளர்கள் சொல்வது இதைத்தான்.

சலுகையாகத் தரப்படும் சான்றிதழும் அன்று இது. வீட்டு நீர் மோட்டாரின் உலோக உடலை நிலத்தோடு இணைக்கும் எர்த் கம்பி சரியாக இல்லையென்று கொள்ளுங்கள். உள்ளே மின்காப்பு பழுதானால், மோட்டாரைத் தொடுபவரின் உடலே மின்சாரம் நிலத்துக்கு இறங்கும் வழியாகிவிடும். இங்கே தகுதியற்றவருக்குத் தரும் சான்றிதழ் ஓர் உயிரின் விலை. இச்சான்றிதழுக்கு மேலே கம்பியாளர், மேற்பார்வையாளர் என்ற படிகளும் உண்டு.

சான்றிதழும் பழையதாகும்

ஆயினும் ஒருமுறை பெற்ற சான்றிதழ் என்றென்றும் செல்லுமா? இங்கே தட்டெழுத்தின் பின்வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது.

ஆங்கிலத் தட்டெழுத்துப் பொறிகள் போய்க் கணினி வந்தது. ஆனால் எழுத்துகளின் வரிசை மாறவில்லை. எனவே பழைய சான்றிதழ் பெற்ற விரல்கள் ஒரே வாரத்தில் கணினிக்குக் குடிபெயர்ந்தன. பொறி செத்தது, திறன் பிழைத்தது. தமிழில் நடந்தது வேறு. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா 1930-களில் தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை உருவாக்கினார். பின்னர் பொறிகளுக்கு ஏற்ற விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 1999-இல் கணினிக்கு ஏற்ற 'தமிழ் 99' என்ற எளிய விசைப்பலகை வந்தது. கற்க எளிது, ஆனால் வரிசை வேறு. பழைய முறையில் சான்றிதழ் பெற்றவர்கள் தம் விரல்களின் உழைப்பை எப்படி விட்டுவிடுவார்கள்? ஆகவே கணினிகளில் இரண்டு வரிசைகளும் அருகருகே வாழ்கின்றன. சான்றிதழ் ஒரு திறனுக்கு மதிப்புத் தருகிறது. அதே வேளையில் ஒரு முறையை இறுக்கியும் வைத்துவிடுகிறது.

பற்றவைப்பாளர் உலகம் இதற்கு ஒரு மருந்து கண்டிருக்கிறது. கொதிகலனில் பற்றவைப்பவரின் தகுதிச் சான்றிதழுக்கு 2 ஆண்டே ஆயுள். அதன்பின் அவர் மீண்டும் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும். உயர் அழுத்த நீராவிக்கு நேற்றைய பெருமை தெரியாதல்லவா?

இன்றைய நிலை

2007-இல் மத்திய அரசு தொடங்கிய திறன் மேம்பாட்டு முயற்சித் திட்டத்தில், வேலைக்கேற்ற சிறுசிறு திறன்களுக்குத் தனித்தனிப் பாடம் வகுக்கப்பட்டது. பயிற்சி தருவோர் ஒருவர், சோதிப்போர் வேறொருவர் என்பது அதன் விதி. 2013-இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. 2018-இல் தொழிற்கல்விக்கும் பயிற்சிக்கும் தேசிய மன்றம் அமைக்கத் தீர்மானமாயிற்று. 2023-இல் வெளியான தேசிய மதிப்பலகுக் கட்டமைப்பின்படி 30 மணி நேரக் கற்றல் ஒரு மதிப்பலகு. ஓர் ஆண்டுக்கு 1,200 மணி, அதாவது 40 மதிப்பலகு. பள்ளிப் படிப்பு, கல்லூரிப் படிப்பு, தொழிற்பயிற்சி மூன்றையும் ஒரே அளவுகோலால் அளந்து சேர்க்கலாம் என்பது நோக்கம். கிண்டியின் துண்டுப் பாடங்களுக்கு அந்நாளில் இல்லாதிருந்த சங்கிலி இதுவே. இது முழுமையாக நடைமுறைக்கு வந்தால், வேலையில் கற்றதும் பட்டத்தை நோக்கிய ஒரு படியாகும்.

மறுபுறம் ஓர் ஆபத்தும் வளர்ந்திருக்கிறது. சான்றிதழ் அச்சிடுவது எளிதாகிவிட்டது. ஒளிக்காட்சியைப் பார்த்து முடித்ததற்கும் சான்றிதழ், கூட்டத்துக்கு வந்ததற்கும் சான்றிதழ். கட்டணம் கட்டியவர் கையில் தாள் இருக்கும். வேலை தருபவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கமாட்டார். இதில் ஏமாறுபவர் பெரும்பாலும் யார்? நெடிய படிப்புக்கு வசதியில்லாமல், சிறிய படிப்பை நம்பித் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டியவரே.

ஆகவே, குறுகிய பாடம் ஒன்றில் சேருமுன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எந்தத் திறனை, எந்த அளவில் சோதிப்பார்கள்? சோதிப்பவர் கற்பிப்பவரா, வேறொருவரா? இந்தத் தாளை இவர்களைத் தவிர வேறு யார் ஏற்பார்கள்? இதன்மேல் அடுத்த படி என்ன? ஐரோப்பிய மன்றத்தின் பரிந்துரையும், கற்றது என்ன, எவ்வளவு நேரம், எப்படிச் சோதித்தார்கள், யார் பொறுப்பு என்பவை சான்றிதழிலேயே விளங்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

தாம்பரத்தின் மாடிப் பயிலகங்கள் இந்த நான்கு கேள்விகளுக்கும் தெளிவான விடை வைத்திருந்தன: நிமிடத்துக்கு 45 சொற்கள், சோதிப்பது அரசு, ஏற்பது எந்த அலுவலகமும், அடுத்த படி சுருக்கெழுத்து. உங்கள் தெருவில் அத்தகைய பயிலகம் ஒன்று இன்னும் இருந்தால், ஒரு மாலைப் பொழுதில் உள்ளே சென்று பாருங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் தேர்ச்சிப் பட்டியலையும் படியுங்கள். அதன்பின், புதிய சான்றிதழ் எதையாவது ஒருவர் உங்களிடம் விற்க வந்தால், இந்த நான்கு கேள்விகளையும் அவரிடம் கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.